மாற்று ஆளுக்கும் கீழே

பெங்களூர் தொம்மலூரில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நடந்தே போய்விடலாம். மழை பெய்தால் மட்டும் ஆட்டோ. அப்படி ஒரு மழைக் காலையில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஏனு கெல்சா மேடம்?" என்றார். என்ன வேலை என்று கேட்கிறார். "பேஸ்பால்" என்றேன். "பேஸ்மெண்ட்டா? பில்டிங் கெல்சானா?" என்றார். விளக்கிச் சொல்லும் அளவுக்கு என் கன்னடம் அப்போது வளரவில்லை. "ஹௌது" என்று தலையாட்டிவிட்டேன். மீதி வழி முழுக்க அவர், இந்த ஊர்க் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் மழைத்தண்ணீர் எப்படி வந்து நிற்கிறது, மோட்டார் வைத்து இறைக்காவிட்டால் சுவர் எப்படி ஊறிப்போகும் என்று அக்கறையோடு சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கும்போது பார்த்து நடக்கச் சொன்னார்.

உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவருக்கு அதைவிட அதிகமாகப் புரிந்திருக்காது. திண்டிவனத்தில் என் அம்மாவுக்கே புரியவில்லை. பதினோரு வருஷமாக பெங்களூரில் இருக்கிறேன். அதில் மூன்று வருஷம் செய்த வேலை இதுதான்: பேஸ்பால் என்ற ஆட்டத்தில் எல்லாக் காலத்திலும் தலைசிறந்த நூறு பேர் யார் என்று எண்களை வைத்து வரிசைப்படுத்துவது. கேட்டது அமெரிக்காவில் ஒரு நிறுவனம். செய்தது இங்கே ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட பேஸ்பால் மைதானத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. செத்து எழுபது எண்பது வருஷமான மனிதர்கள் எந்தப் பந்தை அடித்தார்கள், எதைத் தவறவிட்டார்கள் என்று பழைய செய்தித்தாள்களின் ஸ்கேன் பிரதிகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவோம். பிறகு நான் அதன்மேல் கணக்குப் போடுவேன். நான் படித்தது புள்ளியியல்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைப் 'புலம்பெயர்வு' என்று சொன்னால் சிரிப்பு வரும். ஓசூரைத் தாண்டினால் பெங்களூர், இதற்கு இவ்வளவா என்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன். ஆனால் தீபாவளிக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், அண்ணன் வீட்டில் நான் முன்பு இருந்த அறையில் இன்னொரு பொருள் சேர்ந்திருக்கும். முதலில் தையல் மெஷின், பிறகு அண்ணி வீட்டாரின் பீரோ, பிறகு பிள்ளைகளின் சைக்கிள். யாரும் என்னை வராதே என்று சொல்லவில்லை. படுக்க மட்டும்தான் இடமில்லை. முப்பத்தெட்டு வயதில், கல்யாணமாகாமல், வேலையும் போய்த் திரும்பிப் போனால் அந்த வீட்டில் எங்கே பாய் போடுவது என்ற கேள்வி எனக்குள் எப்போதும் இருந்தது. இதைச் சொல்வது சாக்குக்காக இல்லை. பின்னால் நான் செய்ததற்கு இது சாக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும்.

கணக்கைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நூறு வருஷத்துக்கு முன் ஆடியவரையும் இன்று ஆடுகிறவரையும் எப்படி ஒப்பிடுவது? அந்தக் காலத்துப் பந்து வேறு, மைதானம் வேறு. சில மைதானங்கள் சிறியவை, சும்மா தூக்கி அடித்தாலே பந்து வெளியே போய் விழும். சிலவற்றில் எவ்வளவு பலமாக அடித்தாலும் போகாது. அதனால் ஒவ்வொருவரின் எண்ணையும் அவர் ஆடிய மைதானத்துக்கும் காலத்துக்கும் ஏற்பக் கூட்டியோ குறைத்தோ திருத்த வேண்டும். இதற்கு மைதானத் திருத்தம் என்று பெயர். அதற்குப் பிறகு ஒரு கேள்வி: இந்த வீரர் இல்லாமல் போய், சுலபமாகக் கிடைக்கிற ஒரு சாதாரண ஆளைக் கூட்டிவந்து அந்த இடத்தில் நிறுத்தினால், அணிக்கு எவ்வளவு நஷ்டம்? அந்தக் கற்பனை ஆளைத்தான் நாங்கள் 'மாற்று ஆள்' என்போம். மாற்று ஆளைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்பதே ஒரு வீரரின் மதிப்பு. மாற்று ஆளைவிட மோசமாக ஆடினால் மைனஸ் வரும்.

எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது. சின்ன வயதிலிருந்தே வரிசை எனக்கு நல்லதே செய்திருக்கிறது. எங்கள் பள்ளியில் பரீட்சைத் தாள் கொடுக்கும்போது டீச்சர் ரேங்க் வரிசையில்தான் பெயரைக் கூப்பிடுவார். அதே வரிசையில்தான் உட்காரவும் வேண்டும். நான் முதல் பெஞ்சை விட்டு எழுந்ததே இல்லை. கடைசி பெஞ்சில் பூங்கொடி என்று ஒருத்தி. காலையில் செங்கல் சூளையில் வேலையை முடித்துவிட்டு, கையில் காய்ந்த மண்ணோடு இரண்டாவது பீரியடுக்குத்தான் வருவாள். அவள் கடைசியில் இருப்பது எனக்கு இயற்கையாகவே பட்டது. எண் அப்படித்தானே சொல்கிறது? சூளையால் அவள் தவறவிட்ட முதல் பீரியடை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை என்று யோசிக்க எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. அதையும் கௌதமன் அண்ணாதான் யோசிக்க வைத்தார்.

கௌதமன் எங்கள் ஒன்பது பேரில் மூத்தவர், ஐம்பதை நெருங்கியவர். இதே பெங்களூரில், நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவர். எங்களோடு சேரும் முன் சிவாஜிநகரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மூடியதும் இங்கே வந்தார். மங்கலாக, மை பரவி, பாதி கிழிந்த ஸ்கேன்களை அவர் அளவுக்கு யாராலும் படிக்க முடியாது. எந்தத் தாள் யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. நான் அவருக்கு எப்போதும் மோசமானதையே கொடுத்தேன். அவரால் முடியும் என்பதால்தான். சுத்தமான தாள்களில் ஒரு கட்டு எனக்கும் எடுத்துக்கொள்வேன், கணக்கு வேலைக்கு நடுவே சீக்கிரம் முடிக்கலாம் என்று. அப்போது இதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சேர்ந்த புதிதில் அவரிடம், "நீங்க தமிழ்நாட்டுல எந்த ஊருண்ணா?" என்று கேட்டேன். "இன்னாம்மா இது, எங்க தாத்தாவே இங்கதான் பொறந்தாரு" என்றார். "பஸ்ல ஏறினா கன்னடக்காரங்க எந்த ஊருன்றாங்க. ஆபீஸுக்கு வந்தா நீ எந்த ஊருன்ற. நான் எங்கதான் போறது?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் கறுப்பின வீரர்களைப் பெரிய அணிகளில் சேர்க்க மாட்டார்கள். அவர்கள் தனியாக லீக் வைத்து ஆடினார்கள். அந்த ஆட்டங்களைப் பெரிய பத்திரிகைகள் சரியாக எழுதவில்லை. கறுப்பர்கள் நடத்திய சிறிய பத்திரிகைகளில்தான் தேட வேண்டும், அதிலும் பாதி இதழ்கள் இல்லை. அந்தத் தாள்கள் எல்லாம் கௌதமனிடம்தான் போயின. ஒருநாள் நான், இந்த வீரர்களுக்கு எண்கள் குறைவாக இருப்பதால் நூறுக்குள் வருவது கஷ்டம் என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவங்க ஆடலன்னு இல்லம்மா. யாரும் எழுதல" என்றார்.

அந்தத் தாள்களில் ஒரு பிட்சர், பந்து எறிபவர், இருந்தார். ஓர் ஊர்ப் பத்திரிகையில் அவர் பெயர் ஒரு மாதிரி இருந்தது. அடுத்த ஊர்ப் பத்திரிகையில் கடைசி எழுத்து மாறி, நடுவிலும் ஓர் எழுத்து கூடி, வேறொரு மாதிரி இருந்தது. எங்கள் கோப்பில் அது இரண்டு ஆட்கள். இருவருக்கும் அரைகுறை வாழ்க்கை. கௌதமன் மூன்று வாரம் அதிலேயே கிடந்தார். முதல் பெயர்க்காரர் ஆடிய நாளில் இரண்டாமவர் எங்கும் ஆடவில்லை, இருவருக்கும் இடக்கை, ஓர் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் காணாமல் போனால், ரயில் பாதையில் அடுத்திருக்கும் ஊரில் புதன்கிழமை மற்றவர் வந்து நிற்கிறார். நீளமான ஒரு நோட்டில் தேதி தேதியாக எழுதிக்கொண்டு வந்து காட்டினார். "ரெண்டு பேரு இல்ல, ஒருத்தர்தான்."

"எப்படிண்ணா தோணுச்சு?"

"எங்கப்பா பேரு ரேஷன் கார்டுல கன்னடத்துல ஒண்ணு, ஓட்டர் லிஸ்ட்ல ஒண்ணு, கார்ப்பரேஷன் பேப்பர்ல இங்கிலீஷ்ல ஒண்ணு. அவரு செத்தப்புறம் மூணும் ஒரே ஆளுன்னு காட்ட ஒரு வருஷம் அலைஞ்சேன். எனக்குத் தோணாம வேற யாருக்குத் தோணும்?"

இரண்டு ஆட்களையும் ஒன்றாகச் சேர்த்ததும் அந்தப் பிட்சர் நூறுக்குள் வந்துவிட்டார். காலை ஏழரை மணி அழைப்பில் அமெரிக்காக்காரர் மிகவும் சந்தோஷப்பட்டு, "மாலதியின் கணக்கு முறை பிரமாதம்" என்று பாராட்டினார். எங்கள் மேலாளரும் ஆமாம் என்றார். கௌதமன் அந்த அழைப்பில் இல்லை, அவர் மட்டத்தில் இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. நான் நன்றி சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்த சில மாதங்களில் ஸ்கேன்களை இயந்திரமே படிக்கும் என்றாகிவிட்டது. ஒன்பது பேரில் நான்கு பேர் போதும் என்று தகவல் வந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்ககிட்டதான் முறை இருக்கே. அதையே நம்ம டீமுக்கும் போட்டுக் குடுங்க. நான் சொன்னா பாரபட்சம்பாங்க, எண் சொன்னா யாரும் பேச முடியாது" என்றார். முழு வரிசையையும் அவரும் நானும் மட்டும்தான் பார்ப்போம், மற்றவர்களுக்கு அவரவர் எண் மட்டும் என்றார். என் பெயரும் அந்த ஒன்பதில் ஒன்று.

இரண்டு நாள் உட்கார்ந்து போட்டேன். ஒருவர் ஒரு நாளில் எத்தனை தாள், அதில் எத்தனை பிழை. அதே இடத்தில் புதிதாக ஓர் ஆளையும் இயந்திரத்தையும் வைத்தால் எவ்வளவு. ஆளுக்கு ஓர் எண் வந்தது. முதலில் நேர்மையாகவே போட்டேன். மைதானத் திருத்தம்போல, தாளின் மோசத்துக்கும் ஒரு திருத்தம் வைத்தேன். கௌதமன் மூன்றாவதாக வந்தார். நான் ஐந்தாவதாக வந்தேன்.

பிறகு அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். சுலபமான காரியம், ஒரு நெடுவரிசையை அழித்தால் போதும். நான் நான்காவதாக வந்தேன். கௌதமன் கடைசிக்குப் போனார், அதுவும் மைனஸில். எளிமையாக இருந்தால் நல்லது என்று மேலாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டாவதை அனுப்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கௌதமன் வெளியே வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. நேரே என் மேசைக்குத்தான் வந்தார்.

"இன்னாம்மா இது, மைனஸ் போட்டுக்குது?"

"அது சிஸ்டம் கணக்குண்ணா."

"ஸ்கேன் எப்படி இருந்துச்சுன்றதுக்கு இதுல ஒரு கட்டமே இல்லியே?"

"சார் அதெல்லாம் வேணாம்னுட்டாரு" என்றேன். மேலாளருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரி, பரவால்லேம்மா" என்றார். பக்கத்தில் ஒரு பெண் அவருடைய லேப்டாப்பை வாங்கிப்போகக் காத்துக்கொண்டு நின்றாள். அவர் அந்த நீள நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். அது அவர் சொந்த நோட்டு.

நூறு பேர் வரிசை வெளிவந்தது. யார் முதலிடம், யார் இரண்டாமிடம் என்று முன்பின் தெரியாத மனிதர்கள் இணையத்தில் ஒருவரையொருவர் கண்டபடி திட்டிக்கொண்டார்கள். நான் தினமும் வாசித்தேன். அந்தப் பிட்சரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை, ஆனாலும் அவர் அங்கே இருந்தார். அது எனக்கு ஏதோ ஓர் ஆறுதல். பிறகு இயந்திரம் எல்லாத் தாள்களையும் புதிதாகப் படித்து, திருத்திய பட்டியல் ஒன்று வந்தது. தேடினேன். அவர் இல்லை. இயந்திரம் பத்திரிகையில் இருந்தபடியே இரண்டு பெயர்களையும் இரண்டு ஆட்களாகப் பிரித்துப் போட்டுவிட்டது. மின்னஞ்சல் எழுதினேன். மூலத் தாளில் இரண்டு பெயர்கள்தானே இருக்கின்றன, ஒருவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று பதில் வந்தது. ஆதாரம் நீலசந்திராவில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போனேன். ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு, மேலே ஓர் அறை, சுவரில் புத்தர் படம். கௌதமன் இளைத்திருந்தார். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் நின்று, வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ளும் வேலைக்குப் போகிறாராம். அவர் மனைவி சுமதி அக்கா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் யார் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

"அந்தப் பிட்சர் மறுபடியும் ரெண்டா பிரிஞ்சிட்டாருண்ணா."

"மெஷின் பண்ணுச்சா?"

"ஆமா."

"நோட்டு வேணும். அதுக்கு வந்தியா?"

"அதுக்கு மட்டும் இல்லண்ணா." சொல்ல வந்ததைச் சொன்னேன். சார் வேண்டாம் என்று சொல்லவில்லை, நான்தான் எடுத்தேன், எடுக்காவிட்டால் நீங்கள் மூன்றாவது, நான் ஐந்தாவது என்று சொன்னேன். அழுதுவிடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

"தெரியும்" என்றார். "ஆபீஸ்ல இருக்கும்போதே எல்லார் தாளும் பொது ஃபைல்ல பாத்தவன்தானே நான். வீட்டுக்கு வந்து போட்டேன். அந்தத் திருத்தக் கணக்கு இன்னான்னு நீயே ஒருநாள் சொல்லிக்கிற. மூணுதான் வந்துச்சு. நீ எத்தனாவதுன்னும் பாத்தேன்."

"ஏண்ணா வந்து கேக்கல?"

"கேட்டு? நீ போவ, நான் இருப்பேன். இல்ல ரெண்டு பேரையும் அனுப்புவாங்க. ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் யோசிக்கறத வுட்டுட்டேன்."

சுமதி அக்கா அடுப்பங்கரைத் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "நீதானா அது?" என்றார். சத்தம் போடவில்லை. "ஒரு மாசம் இந்தாளு வீட்ல பேசல. அந்தப் பேப்பரையே பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துக்கினு இருப்பாரு. நான் படிக்காதவ, எனக்குச் சொல்லு. ஆளே இல்லன்னா ஜீரோதான? மைனஸ்னா இன்னா அர்த்தம்? இல்லாதவன விட இவரு கம்மியா?"



கௌதமன் எழுந்து அலமாரிக்கு மேலிருந்து நோட்டை எடுத்துத் தூசி தட்டினார். "எடுத்துக்கினு போ. அந்தாளு இன்னா பண்ணான் பாவம்" என்றார். நான் வாங்கிக்கொண்டு, "மறுபடியும் வரேண்ணா" என்றேன். வழக்கமாகச் சொல்கிற வார்த்தை, வாயில் வந்துவிட்டது. அவர் வாசல் வரை வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "வராதம்மா. தப்பா எடுத்துக்காத. நீ வந்தா இவ திரும்பத் திரும்ப நெனச்சிக்குவா."

அந்த நோட்டு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழுவதையும் தட்டச்சு செய்து, அவர் பெயரையும் போட்டு அனுப்பினேன். அடுத்த திருத்தத்தில் கவனிக்கிறோம் என்று இரண்டு வரிப் பதில் வந்தது. அடுத்த திருத்தம் வரவில்லை. எட்டு மாதத்தில் எங்கள் நான்கு பேரையும் அனுப்பிவிட்டு அந்தப் பிரிவையே மூடினார்கள். நான் இப்போது இதே தொம்மலூரில் வேறொரு அலுவலகத்தில், எந்தத் தெருவில் எந்த மளிகைச் சாமான் அதிகம் போகிறது என்று கணக்கெடுக்கிறேன். அந்தப் பிட்சர் இன்றைக்கும் இரண்டு ஆளாகத்தான் இருக்கிறார்.

அன்று அந்தப் படியிறங்கி வந்ததும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சந்தில் நின்றேன். குழாயடியில் இரண்டு பெண்கள் குடம் வைத்திருந்தார்கள். அந்தத் தெருவில் எல்லோருமே தமிழ்தான் பேசினார்கள். கடைப் பலகையில் தமிழ், ஜன்னல் வழியாக வந்த டிவியில் தமிழ். ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, "இன்னாமா, யார் வூட்டுக்கு வந்த?" என்றாள். கௌதமன் வீட்டுக்கு என்று சொன்னால் அடுத்து, நீ அவருக்கு யார் என்று கேட்பாள். எனக்குச் சட்டென்று வாயில் வந்தது "கொத்தில்லா" என்ற கன்னட வார்த்தை. தெரியாது என்று அர்த்தம். அவள் மற்றவளிடம் திரும்பி, "பாவம், கன்னடக்காரி போலக்குது, வழி தெரியாம நிக்குது" என்றாள். பிறகு, குடத்தை அப்படியே விட்டுவிட்டு, ஈரக்கையால் சந்தின் முனையைக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி எனக்குக் கன்னடத்தில் சொன்னாள்: "பஸ் ஸ்டாப்பா? சீதா ஹோகி. ஆமேலே லெஃப்ட் தகொள்ளி." மற்றவளும் சேர்ந்துகொண்டு, வழியில் பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போகச் சொன்னாள், அதையும் கன்னடத்தில். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். அவர்கள் சொன்னபடியே நேராகப் போய், இடது பக்கம் திரும்பினேன். எனக்குப் பின்னால் அவர்கள் தங்களுக்குள் தமிழில் பேச ஆரம்பித்தது, திரும்பிய பிறகும் கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டே வந்தது.